பங்கு மண்டபத்தில் பின்லாந்துக்காரர்கள்

ஆணி அடிக்கக் கூடாது என்றார் பங்குத்தந்தை.
சுவருக்குப் போன மாதம்தான் பெயின்ட்.
ஆகவே கல்யாணப் பந்தல் கம்பிகளை நிறுத்தி
தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டோம்
இருபத்திமூன்று படங்களை.
முடிச்சுகள் கிளீட்டஸ் போட்டவை.
சுறா இழுத்தாலும் அவிழாது.

எட்டுப் பேர், மூன்று வாரம்
இங்கே முட்டத்தில் தங்கி வரைந்தது எல்லாம்.
பாறைமேல் குடை நட்டு
மூக்கில் வெள்ளை மருந்து பூசி
கடலைப் பார்ப்பார்கள், தாளைப் பார்ப்பார்கள்,
மறுபடி கடல்,
கணக்கில் சந்தேகம் வந்த ஏலக்காரன் மாதிரி.

எனக்கு லைட் வேலை.
முதல் படத்துக்குப் போகஸைத் திருப்பினேன்.
முட்டம்தான்.
கலங்கரை விளக்கம், செம்மண் மேடு,
தூண்டில் வளைவில் கொட்டிய நாலுகால் கற்கள்.
கடல் மட்டும்
ஈயத்தை உருக்கி ஊற்றியதுபோல்.
ஆனி ஆடியில் எங்கள் கடல் கலங்கும், தெரியும்.
இது கலக்கமில்லை.
பங்குனி வெயிலில் உட்கார்ந்து
எங்கிருந்து எடுத்தார்கள் இந்தச் சாம்பலை?
பல்பில்தான் கோளாறு என்று
மஞ்சள் பல்பு மாற்றிப் பார்த்தேன்.
சாம்பல் அசையவில்லை.

அடுத்த வரிசையில் நிழலெல்லாம் நீலம்.
வள்ளத்துக்கு அடியில் நீலம்,
நாய்க்கு அடியில் நீலம்,
வலை முடிகிற ததேயுவின் தாடைக்குக் கீழே
கன்றிப்போன நீலம்.
ததேயு வந்தான், பார்த்தான்,
தாடையைத் தடவிக்கொண்டான்.
"என்னய யாருலே அடிச்சது?"

சாயங்காலம் ஊரே வந்தது.
படத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி,
படத்தில் தான் உண்டா என்று பார்க்க வந்தவர்கள் மீதி.
ரெஜினாள் பதினேழாவதின் முன் நின்றுவிட்டாள்.
எங்கள் வீட்டின் பின்பக்கம்.
வெளிறிய மணல், வெளிறிய ஓடு, வெளிறிய வானம்,
நடுவில் கொடியில்
விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு.

"எனக்க நைட்டி மெரூனாக்கும். இது செவப்பு."

வரைந்தவள் பெயர் ஹெல்வி,
அறுபது இருக்கும், கதவு உயரம்.
நாகர்கோவிலிலிருந்து வந்த துபாஷிப் பெண்
நைட்டி வழக்கை எப்படிச் சொன்னாளோ,
ஹெல்வி சிரிக்கவில்லை.
போனைத் திறந்து காட்டினாள்:
அவள் வீட்டு ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே ஈயக் கடல்.
மரம், படகு, ஆகாயம் எல்லாம் ஈயம்.
நவம்பர் முதல் இப்படித்தானாம்,
ஒரு நிறம் கண்ணில் படுவதற்கு
பஸ் ஏறிப் போகவேண்டுமாம்.

ரெஜினாள் போனை வாங்கி
விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"துணி எப்பிடிக் காயும்?" என்றாள்.

எனக்குக் கிஷ் தீவு ஞாபகம் வந்தது.
லாஞ்சில் எஞ்சின் பார்த்த நாலு வருஷம்.
புயல் நாளொன்றில், வேலையில்லாமல்,
தங்கும் அறைச் சுவரில் கிரீஸ் தொட்டு வரைந்தேன்
ஜன்னலில் தெரிந்த துறைமுகத்தை.
கிரேன், எண்ணெய் டாங்கி, முள்வேலி,
கண்ணால் கண்டதை மட்டும்.
கிளீட்டஸ் கட்டிலில் இருந்தபடி கேட்டான்,
"இஞ்ச எங்கலே தெங்கு நிக்குது?"

மூன்று நின்றன.
அறையில் யாரும் சிரிக்கவில்லை அன்றைக்கு.
முதலாளி வந்து அழிக்கச் சொன்னபோது
டாங்கியிலிருந்து துடைக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கழற்றினோம்.
முடிச்சு ஒன்றும் அவிழவில்லை,
கிளீட்டஸாலேயே அவிழ்க்க முடியவில்லை.
கத்தியால் நரம்பை அறுத்து அறுத்து
பிளைவுட் பெட்டியில் அடுக்கினோம்.
பதினேழாவதின் முதுகில்
முடிச்சு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறது.
அங்கே எந்த மண்டபத்திலோ
யாரோ ஒருவன் லைட் திருப்புவான்,
கடல் சரியாக இருக்கிறது என்பான்,
அந்தச் சிவப்புக்குப்
பல்பை மாற்றிப் பார்ப்பான்.

ரெஜினாள் திங்கட்கிழமை
துணியைக் கொடியில் போடுமுன்
பாறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.
குடை எதுவும் இல்லை.